ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

1950களில் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்த 'லாண்ட்மாஸ்டர்', இன்று இருசில்லு உழவு இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் வழக்குப் பெயராகிவிட்டது. பெட்டி பூட்டி நெல்லும் விறகும் ஏற்றினால், குடும்பத்தைத் தனியே தாங்கும் சகோதரிகளுக்கும் அது ஒரு தொழில். ஆனால் கியரைத் தெரிந்துதான் ஓட்ட வேண்டும்.

பாரம் குறைவுதானே என்று பெரிய கியரில் புறப்படாதீர்கள். இயந்திரம் திணறும், கிளச் தேயும். வெறும் பெட்டியுடன் சமதரையில் மட்டும் பெரிய கியர் போதும்.

குளக்கட்டில் ஏறுமுன், கீழேயே நிறுத்திச் சிறிய கியரைப் போடுங்கள். நடு ஏற்றத்தில் மாற்றப் போனால் பெட்டி பின்னுக்கு இழுத்துவிடும்.

இறங்கும்போதும் அதே சிறிய கியர்தான். அப்போது இயந்திரமே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலில் விட்டாலோ கிளச்சைப் பிடித்தாலோ அந்தப் பிடி போய்விடும். பெட்டி உங்களை முன்னுக்குத் தள்ளும்.

இன்னொன்று: பெட்டி தள்ளும் இறக்கத்தில் இடப்பக்கத் திருப்பும் கிளச்சை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். ஆகவே அதைத் தொடாமல், கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

நியூட்ரலில் மிச்சமாவது சில துளி டீசல். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது அம்மா.