நொடியும் வக்தும்: கைக்கடிகாரத்தைத் திருத்தமாக வைத்தல்

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்நேரங்களை அறியும் பொறுப்பு, நிழலையும் செவ்வானையும் நோக்கத் தெரிந்தவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் எகிப்து, சிரியா நாடுகளின் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ எனும் வானியல் அறிஞர் இதற்கெனவே அமர்த்தப்பட்டார். திமஷ்கு உமைய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர் (1304–1375), அதன் மினாராவுக்கென 1371இல் பளிங்கில் ஒரு நிழற்கடிகாரம் செய்தளித்தார். பாங்கு சொல்பவரின் குரலுக்குப் பின்னால் இத்தகைய கணிதம் நின்றது.

இயந்திரக் கடிகாரம் பரவிய பிறகும் உஸ்மானியப் பேரரசின் மக்கள் அதைச் சூரியனுக்கே பணிய வைத்தனர். சூரியன் மறையும் தருணம் அவர்களுக்குப் பன்னிரண்டு மணி. மறைவு நாள்தோறும் சற்றே முன்பின்னாக நகர்வதால், கடிகாரத்தையும் அடிக்கடி திருத்தி வைக்க வேண்டியிருந்தது. துருக்கி 1926இல் இம்முறையைக் கைவிட்டது. நம் காலத்தில் உறவு தலைகீழாகிவிட்டது. கடிகாரம் அணுக் கடிகாரத்தின் வழி நடக்கிறது. சூரியன் எப்போது மறையும் என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கடிகாரத்தின் மொழியில் அட்டவணையாக எழுதிக்கொள்கிறோம். ஆகவே பிழை இரண்டு வழிகளில் நுழையலாம்: ஒன்று அட்டவணை, மற்றது கடிகாரம்.

அட்டவணையைப் பற்றி ஒரு சொல் மட்டும். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு உரியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் எனக் கணக்கிட்டால், நாகூரில் சூரியன் உச்சி சாய்ந்து ஏறத்தாழ 7 நிமிடம் கழித்தே காயல்பட்டினத்தில் சாயும். ஓரூர் அட்டவணையை மற்றோர் ஊரில் மாட்டி வைத்தபின் கடிகாரத்தை நொடிப் பிசகின்றி வைப்பதால் பயனில்லை.

இனிக் கடிகாரம். பெரும்பாலான கைக்கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் உள்ளது. வெப்பநிலையும் படிகத்தின் முதுமையும் அவ்வதிர்வைச் சிறிது மாற்றும். மாதத்திற்கு 15 நொடி வரை முந்துவதோ பிந்துவதோ இதற்கு இயல்பு. அது ஒரே திசையில் சேர்ந்தால் ஆண்டுக்கு மூன்று நிமிடம். பள்ளிவாசல் சுவரிலுள்ள மின்னணுக் கடிகாரங்கள் பலவற்றின் உள்ளேயும் இதே படிகம்தான்.

‘கடிகாரத்தைச் சற்று முன்னே வைத்துக்கொள்வது பேணுதல்’ என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து பாதிதான் சரி. முந்தி ஓடும் கடிகாரம் ஸஹர் முடிவில் பாதுகாப்புத் தரும். மஃரிபிலோ சூரியன் மறையுமுன் நோன்பைத் திறக்கச் செய்துவிடும். மறைந்துவிட்டது என நம்பித் திறந்து, பின்னர் மறையவில்லை எனத் தெரிந்தால், அந்நோன்பைக் கழா செய்ய வேண்டும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ உள்ளிட்ட நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு. பிந்தி ஓடும் கடிகாரத்தில் இடர் ஸஹர் பக்கம் சாய்கிறது. ஆகவே பேணுதலுக்கான நிமிடங்கள் அட்டவணையில் சேர்க்கப்பட வேண்டியவை, கடிகாரத்தில் சேர்க்கலாகாது. முஅத்தின் நம்பிக்கைக்குரியவர் என நபிமொழி வழங்கிய தகுதி, ஊராரின் நோன்பு அவர் கையில் இருப்பதை எண்ணியே என்று தோன்றுகிறது.

திருத்தும் வழிகளுள் பழையது வானொலிக் குறி. பிபிசி 1924 முதல் ஒலிபரப்பிவரும் ஆறு குறிகளில், நீண்டு ஒலிக்கும் இறுதிக் குறியின் தொடக்கமே மணியின் தொடக்கம். நொடிமுள் பன்னிரண்டில் நிற்கும்போது திருகை வெளியே இழுத்து, நிமிடமுள்ளை வரப்போகும் மணிக்கு நேராக வைத்துக் காத்திருந்து, அக்குறி தொடங்கும் கணத்தில் திருகை உள்ளே அழுத்த வேண்டும். ஒன்றை மறக்கலாகாது: இணையம் வழியாகவோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியாகவோ கேட்கும் ஒலி, எண்ணியலாக்கத்தின் காரணமாகச் சில நொடிகள் பிந்தியே செவிக்கு எட்டும். பழைய சிற்றலை, மத்திய அலைப் பெட்டிகளில் இத்தாமதம் இல்லை.

இரண்டாவது வழி, நெட்டலைக் குறியைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் கடிகாரம். ஜெர்மனியில் பிராங்பர்ட் அருகே மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸிலும், ஜப்பானின் இரு நிலையங்களிலிருந்து 40, 60 கிலோஹெர்ட்ஸிலும், அமெரிக்காவின் போர்ட் காலின்ஸிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸிலும் குறிகள் வெளிவருகின்றன. யுங்கன்ஸ் நிறுவனம் இவ்வகைக் கைக்கடிகாரத்தை 1990இல் கொண்டுவந்தது. வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகத் தரும் இத்தகைய கடிகாரம் நம் கைக்கு வந்ததும் சாதாரணக் குவார்ட்ஸாகிவிடுகிறது. அந்நிலையங்களின் அலை தமிழகத்தை நம்பகமாக எட்டுவதில்லை. ‘வானொலிக் கட்டுப்பாடு’ என்று முகப்பில் பொறித்திருப்பதை மட்டும் நம்பி அதைத் திருத்தாமல் விடுவது தவறு.

மூன்றாவது வழிக்கு எல்லை இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றுகின்றன. வேகத்தாலும் ஈர்ப்புவிசைக் குறைவாலும் அவை தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்தும். இதற்கு முன்கூட்டியே ஈடு செய்யப்பட்டிருக்கிறது. செய்கோ 2012இல் வெளியிட்ட ஆஸ்ட்ரான் சூரிய ஒளிக் கடிகாரம் இக்குறியைப் பெற்று, இடத்தையும் நேர மண்டலத்தையும் தானே அறியும். திறந்த வானின் கீழ் நிற்பது மட்டும் நம் வேலை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜிபிஎஸ் நேரம் 1980 முதல் நெட்டொடிகளை, அதாவது பூமியின் சுழற்சிக்கேற்ப உலக நேரத்தில் சேர்க்கப்படும் கூடுதல் நொடிகளை, ஏற்காமல் ஓடுகிறது. 2016 டிசம்பர் இறுதியில் சேர்க்கப்பட்ட நொடியோடு அது உலக நேரத்தைவிட 18 நொடி முந்தி நிற்கிறது. அவ்வேறுபாட்டைச் செயற்கைக்கோளே அறிவித்தாலும், அந்தச் செய்தி சுமார் 12½ நிமிடத்திற்கு ஒருமுறைதான் வரும். நெடுநாள் உறங்கிய கருவி, அது வரும்வரை சில நொடி பிசகிக் காட்டக்கூடும்.

விலையுயர்ந்த கடிகாரம் வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. இந்திய நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இணையம் வழியாகவும் நேரம் வழங்குகிறது. தானியங்கு நேர அமைப்பு இயக்கத்தில் உள்ள கைப்பேசி, வழக்கமாக ஓரிரு நொடிக்கு உட்பட்டே இருக்கும். பள்ளிவாசல் கடிகாரத்தை மாதம் ஒருமுறையும், ரமளான் பிறை காணும் முன் ஒருமுறையும் அதனோடு ஒப்பிட்டு, முந்தியதா பிந்தியதா, எத்தனை நொடி என ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அந்தக் கடிகாரத்தின் குணம் நான்கைந்து மாதங்களில் தெரிந்துவிடும்.