அழகு நாயின் பழுதுபட்ட இதயம்

தொங்கும் காதுகள், பெரிய கண்கள், பட்டுப் போன்ற மயிர் - 'கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்' என்னும் ஆங்கிலேய நாயினத்தைக் கண்டவர் கொஞ்சாமல் இருக்கமாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் இதன் முன்னோரான சிறு ஸ்பானியல் நாய்களிடம் பெரும் பிரியம் வைத்திருந்தார். ஆனால் இந்த அழகுடன் சில நோய்களும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்கின்றன. காரணம் என்ன?

காலப்போக்கில் மன்னரின் நாய்க்கு மூக்குச் சப்பையாகிவிட்டது. பழைய நீள்மூக்கு நாய் வேண்டும் என விரும்பிய ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், 1926இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் 25 பவுன் பரிசு அறிவித்தார். அவ்வாறு மீட்கப்பட்ட இனம், இரண்டாம் உலகப் போரின்போது மிகவும் குறைந்து போயிற்று. இன்றுள்ள நாய்கள் யாவும் மிகச் சில முன்னோரின் வழிவந்தவையே. முன்னோர் சிலரானால், ஒரே பழுதுள்ள ஜீன் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் வந்து ஒரு குட்டியிடம் சேரும் வாய்ப்பு மிகுகிறது.

முதல் நோய் இதயத்தில். கிணற்றுப் பம்பின் அடியிலுள்ள ஃபுட் வால்வு, ஏறிய நீரைத் திரும்ப விடாமல் தடுப்பதை அறிவோம். இதயத்தின் இடது ஆரிக்கிளுக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வின் வேலையும் அதுவே. வால்வு தடித்துச் சுருங்கினால் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தில் ஒரு பகுதி பின்னோக்கிப் பாயும். வரிச்சீர் ஓட்டம் குலைந்து சுழற்சி ஓட்டமாகும். அதன் ஓசையே ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஐந்து வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களுக்கும், பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இது வந்துவிடுகிறது. இதயம் பெருத்துவிட்ட நாய்களுக்குப் பிமோபெண்டான் என்ற மருந்து, இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போடுவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது வால்வைச் சீராக்குவதில்லை.

இரண்டாம் நோய் தலையில். மண்டையோட்டின் பின்பகுதியில் இடம் போதாமையால் சிறுமூளை கீழ்நோக்கித் துளைவாயில் நெருக்கப்படுகிறது. துடிப்புக்குத் துடிப்பு தலைக்கும் முதுகுக்கும் இடையே சென்றுவரும் மூளைத் தண்டுவடத் திரவத்தின் வழி குறுகுகிறது. நாளடைவில் தண்டுவடத்தினுள் திரவம் நிறைந்த குழிகள் தோன்றுகின்றன. சில நாய்களுக்கு வலியே தெரிவதில்லை. சிலவோ வேதனையில் அலறும், கழுத்தருகே வெறும் காற்றைக் காலால் சொறியும்.

தவிர்க்கவே முடியாதா? சில நோய்களைத் தவிர்க்கலாம். உடல் விறைத்துத் திடீரென விழும் ஒரு நோய் ஒரே ஒடுங்கு ஜீனால் வருவது. அதைக் காணும் பரிசோதனை 2011 முதல் உண்டு. பழுதைச் சுமக்கும் இரு நாய்களை இணைத்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று பழுதற்றதாயின் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. இதய நோயோ பல ஜீன்களின் கூட்டு விளைவு. ஒரே சோதனையில் அகப்படாது. ஆகவே இரண்டரை வயதுக்கு முன் இனவிருத்தி கூடாது, அதன் பெற்றோரின் இதயமும் ஐந்து வயதில் நலமாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபுணர் வகுத்த விதி.

நார்வே நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் ஒரு படி மேலே சென்றது. இந்த இனத்துக்குள்ளேயே இணைத்துக் குட்டிகளை உருவாக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வேற்றின நாயுடன் கலந்து புதிய ஜீன்களைப் புகுத்துவதே வழி என்பர் பலர். அதனால் காதின் நீளமோ கண்ணின் உருவமோ சற்று மாறலாம். வலியின்றி வாழப்போகும் குட்டிக்கு அது ஒரு குறையாகுமா?