ஏலக்காய்க்கு அணுக்கதிர்: எதைச் செய்யும், எதைச் செய்யாது?

அணு உலை என்றதும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால், போடிநாயக்கனூரில் ஏலம் போகும் ஏலக்காய்க்கும் அணு உலை உதவக்கூடும். வாசனைப் பொருட்களில் உள்ள கிருமிகளையும் பூச்சிகளையும் அழிக்க, கோபால்ட்-60 என்ற உலோகத்தின் காமா கதிர்கள் பயன்படுகின்றன. சாதாரண கோபால்ட்டை அணு உலைக்குள் வைத்தால், நியூட்ரான்களை ஏற்று அது கோபால்ட்-60 ஆக மாறுகிறது. ராஜஸ்தானில் உள்ள ராவத்பாட்டா அணுமின் நிலைய உலைகளில் இது தயாரிக்கப்பட்டு வந்துள்ளது.

மூட்டையைப் பிரிக்க வேண்டாம்

வாசனைப் பொருட்களுக்கான கதிர்வீச்சு நிலையம் நவி மும்பை வாஷியில் 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில், கனத்த கான்கிரீட் சுவர்களுக்குள் கோபால்ட்டைச் சுற்றிச் சரக்குப் பெட்டிகள் நகர்ந்து செல்லும். கதிர்கள் பெட்டியை ஊடுருவிப் பாக்டீரியா, பூஞ்சாணம், பூச்சி முட்டை ஆகியவற்றை அழிக்கும். சூடு அதிகம் ஏறாததால் மணம் பெரிதும் குறைவதில்லை.

கதிர் பட்ட காயில் கதிரியக்கம் தங்கிவிடுமா? தங்காது. டார்ச் வெளிச்சம் பட்ட பொருள், டார்ச்சை அணைத்த பின் ஒளி வீசுவதில்லை, அதுபோலத்தான் இதுவும். 10 கிலோகிரே அளவு வரை கதிர் பெற்ற உணவால் தீங்கில்லை என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் நிபுணர் குழு கூறியது. இந்தியாவில் வாசனைப் பொருட்களுக்கு 1994-ல் அனுமதி அளிக்கப்பட்டது.

கதிரால் ஆகாதவை

காயில் தங்கிய பூச்சிமருந்தின் எச்சத்தைக் கதிர் நீக்காது. 2018-ம் ஆண்டையொட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்ததற்கு இந்த எச்சமே காரணமாகக் கூறப்பட்டது. பூஞ்சாணத்தைக் கதிர் கொன்றாலும், அது முன்பே காயில் விட்டுச் சென்ற நஞ்சை அகற்றிவிடாது. வெளுத்த காயைப் பச்சையாக்கவும் முடியாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

போடிமெட்டு, குரங்கணி போன்ற மலைச்சரிவுகளில் சிறு தோட்டம் வைத்திருப்போர் கதிர்வீச்சு நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அது ஏற்றுமதியாளர் கவனிக்கும் வேலை. விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் போதும்.

1. இலைப்பேனுக்கும் காய் துளைப்பானுக்கும் பரிந்துரைத்த மருந்தை மட்டும், சொன்ன அளவில் அடிக்க வேண்டும்.

2. காய் எடுத்தவுடன் மருந்து அடிப்பது நல்லது. அடுத்த எடுப்பு வரை போதிய இடைவெளி கிடைக்கும். மருந்துப் புட்டியில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியாமல் காய் எடுக்கக்கூடாது.

3. மருந்தின் பெயர், அளவு, அடித்த தேதி ஆகியவற்றை நோட்டில் குறித்து வைக்கவும்.

4. பச்சைக் காயில் ஏறத்தாழ 80 சதம் ஈரம் உண்டு. எடுத்த காயைக் குவித்து வைக்காமல் அன்றே ஸ்டோரில் ஏற்றி, ஈரம் 10 முதல் 12 சதமாகக் குறையும்வரை உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்த காயில் பூஞ்சாணம் எளிதில் பற்றாது.

மருந்து பற்றிய சந்தேகங்களுக்கு, இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.