சென்னைக்கும் பலாலிக்கும் எத்துணைத் தூரம்?

தேசப்படத்தை விரித்து, சென்னை மீனம்பாக்கத்தின்மேல் ஒரு விரலையும் யாழ்ப்பாணத்துப் பலாலியின்மேல் மற்றொரு விரலையும் ஊன்றிப் பாருங்கள். இவ்விரு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் அமைந்திருத்தல் புலனாகும். மீனம்பாக்கம் வட அட்சம் சற்றேறக்குறைய 13 பாகையிலும், பலாலி 9 பாகை 48 கலையிலும் உள்ளன. ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று இருத்தலின், இடைத்தூரத்தைக் காண்பதற்குப் பெருங்கணிதம் வேண்டுவதில்லை, கழித்தலே போதும். வித்தியாசம் 3 பாகை 12 கலை. அஃதாவது 192 கலை. அட்சத்தில் ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம் என்பது மாலுமிகளும் விமானிகளும் கைக்கொள்ளும் அளவு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டராதலின், தூரம் ஏறக்குறைய 355 கிலோமீட்டர் என்க.

இனிப் பிரயாண காலத்தை நோக்குவோம். 2019ஆம் ஆண்டில் இவ்வழியிற் சேவை தொடங்கிய ஏ.டி.ஆர். 72 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்திற் செல்ல வல்லது. அக்கணக்கின்படி 43 நிமிஷங்களே வேண்டும். ஆயினும் கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேற்பட்ட நேரத்தைக் காட்டும். இஃது ஏன்? அட்டவணைக் காலம் விமானம் நின்ற இடத்தைவிட்டு அசையுங்கணம் முதல், சேருமிடத்தில் நிற்குங்கணம் வரையுள்ளதாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறை வருமளவும் காத்திருத்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகிய இவற்றிற்கெல்லாம் நேரம் செல்லும். இவற்றுள் முழுவேகமும் இல்லை. நெடும்பிரயாணத்தில் இவை சிறு பங்கு; குறும்பிரயாணத்திலோ பெரும் பங்கு.

காற்றும் கணக்கிற் சேரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிர்த்து வீசின் 43 நிமிஷம் 47 ஆகும். பின்னின்று வீசின் 39 ஆகும். போகும்போது இழந்ததை மீளும்போது முற்றும் பெறலாம் என்று எண்ணுதல் தவறு. எதிர்காற்றில் நெடுநேரமும் துணைக்காற்றிற் சிறிது நேரமுமே பறத்தலின், இழப்பே சிறிது மிகும்.

ஆயினும் காற்றினும் வலிய தடைகள் உண்டு. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோன் தனது முதற் பிரயாணத்தை இரத்மலானையினின்று காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்திற்று. காங்கேசன்துறை என அன்று வழங்கிய நிலையம் இப்பலாலியே. பின்னர் 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டது, பலாலி படைத்தளமாயிற்று, இவ்வான்வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. வடக்கே சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தார், முதலில் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழி சென்று கட்டுநாயக்கவை அடைந்து, அங்கிருந்து 640 கிலோமீட்டரளவு வடக்கே பறக்க வேண்டியவராயினர். 355 ஏறத்தாழ ஆயிரமாயிற்று; ஒரு மணிப் பிரயாணம் ஓரிரவையும் ஒரு பகலையும் விழுங்கிற்று. நோயுற்றோரும் முதியோரும் உற்ற துன்பத்தை எவ்வட்டவணையும் காட்டாது.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. பெருந்தொற்றினால் 2020இல் நின்ற அது, 2022 டிசம்பரில் மீண்டும் நடைபெறலாயிற்று.

ஆகவே மாணவ நண்பர்காள், இரண்டு ஊர்களின் தூரத்தை யாரேனும் வினவினால், 192 கலையைக் கூறுவதோடு அமையாதீர்; அவ்வழி திறந்துள்ளதா என்பதையும் உடன் வினவுங்கள். பூமியின் அளவு மாறுவதில்லை. பிரயாணியின் தூரமோ மனிதர் செயலால் நீளும், குறுகும்.