பிரசவ அறையில் ஒரு துணை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில், தலைப்பிள்ளையை எதிர்நோக்கும் குடும்பங்களுக்கு இக்காலத்தில் புதியதொரு கேள்வி தோன்றியிருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரம்மாள் என்பவை பழைய கேள்விகள். "டூலா வைத்துக்கொள்வதா, வேண்டாமா?" என்பதே புதியது. பாட்டிமார்களுக்கு இச்சொல்லை விளக்கி முடிப்பதற்குள் சில வீடுகளில் ஒன்பதாம் மாதம் வந்துவிடுகிறது!

டூலா என்பது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், பிள்ளை பெற்றவளுக்கு உதவியாயிருக்கும் பெண்ணைக் குறிக்க 1973-ல் இதனை எடுத்தாண்டார். பிற்பாடு, பிரசவ வேளையில் உடனிருப்பவளுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. நோவு கண்டது முதல் குழந்தை பிறக்கும் வரை அவள் அருகிலிருப்பாள். இடுப்பைப் பிடித்துவிடுவாள், சற்று நடக்கச் சொல்லுவாள், மூச்சை நிதானமாக விடப் பழக்குவாள். பரிசோதனை செய்வதும், மருந்து கொடுப்பதும், பிள்ளையை எடுப்பதும் அவள் வேலையல்ல. அவை டாக்டருக்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிக்கும் உரியவை. 2018 ஜூலையில் திருப்பூரில், இயற்கைப் பிரசவம் என்ற பெயரால் வைத்திய உதவியின்றி வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஓர் இளந்தாய் இரத்தப்பெருக்கால் உயிர் நீத்தாள். ஆகவே, டூலா வேண்டுமா என்ற யோசனையை ஆஸ்பத்திரி வேண்டுமா என்ற யோசனையாக எவரும் மாற்றிக்கொள்ளலாகாது.

உண்மையில் இத்துணை நமக்குப் புதியதன்று. முன்னாளில் பின்கட்டு அறையில் அத்தையும் பெரியம்மாவும் இராமுழுதும் விழித்திருந்தார்கள். அதே அறையில் மாண்ட தாய்மார்களும் அநேகர் என்பதை மறந்து பழமையைப் புகழ்வது தகாது. 1885-ல் டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார் கோஷாப் பெண்களுக்காகச் சென்னையில் ஏற்படுத்திய ஆஸ்பத்திரி, பின்னர் திருவல்லிக்கேணியில் நிலைபெற்று, கஸ்தூர்பா காந்தி பெயரால் இன்றும் நடைபெறுகிறது. இத்தகைய ஸ்தாபனங்கள் காத்த உயிர்கள் எண்ணற்றவை. ஆனால் பிரசவ அறையின் கதவு சாத்தப்பட்டபோது, அத்தை வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. அவற்றில் 100-க்கு 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 64! இந்தியா முழுமைக்கும் இது 22-க்குள்தான். இந்தக் கணக்கைக் கண்டு கலங்கியே பலர் டூலாவைத் தேடுகின்றனர்.

தேடுவதில் நியாயமுண்டா? உண்டு. அச்சம் மிகுந்தால் உடலில் சுரக்கும் அட்ரினலின் நோவைத் தளர்த்தக்கூடும். அச்சத்தைத் தணிக்க ஆள் வேண்டும். பதினேழு தேசங்களில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த பரிசோதனைகளை 2017-ல் ஒருங்கே ஆராய்ந்தனர். இடைவிடாத துணை பெற்றவர்களிடையே சிசேரியன் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது; பிரசவ நேரமும் சுமார் 40 நிமிஷம் சுருங்கியிருந்தது. அதாவது, பயன் மெய். உத்தரவாதம் மட்டும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. இந்திய சர்க்கார் 2016-ல் பொது ஆஸ்பத்திரிகளின் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதித்தது. தானும் பிள்ளை பெற்றவளாயிருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். தமிழ்நாடு இவ்வழக்கத்தை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஏழைப் பெண்ணுக்குச் செலவின்றி உரிய இத்துணைக்காக, வசதியுள்ள பெண் தனியார் ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு நிற்க நேரிடுகிறது!

என்னுடன் பணியாற்றும் மந்தைவெளி ஆசிரியை ஒருவர் மகளிடம் கோபித்துக்கொண்டார். "பெற்றவள் நான் இருக்கும்போது கூலிக்கு ஒரு தாயா?" என்றார். "நான் கத்தினால் எனக்கு முன்னால் அழுகிறவள் நீதானே, அம்மா!" என்றாள் மகள். இருவர் பேச்சிலும் உண்மையுண்டு. நிதானம் தவறாத தாயோ, சித்தியோ, நாத்தனாரோ இருந்து, அவளை உள்ளேயும் விடுவார்களானால், டூலாவுக்குப் பணம் செலவிடுவது அவசியமில்லை என்பதே என் கருத்து. உறவினர் தூரதேசத்தில் இருந்தாலும், அருகிலிருப்பவர்கள் பயங்கொள்ளிகளாயிருந்தாலும், அச்செலவு வீண்செலவாகாது.

அப்படி அமர்த்தும்போது கூச்சப்படாமல் சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். இதுவரை எத்தனை பிரசவங்களில் உடனிருந்தாள்? ஒரே இரவில் இருவருக்கு நோவு கண்டால் யார் வருவார்? திடீரென்று சிசேரியன் நேர்ந்தால் சம்பளம் என்னவாகும்? "என்னை வைத்துக்கொண்டால் சிசேரியனே வராது" என்று வாக்களிப்பவளை வாசற்படியோடு அனுப்பிவிடலாம். நஞ்சுக்கொடி வழியை மறைத்துக் கிடக்கும்போதும், குழந்தையின் நாடி தளரும்போதும் கத்திதான் உயிர்காக்கும். அவ்வேளையில் டாக்டருடன் வழக்காடுபவள் துணையல்லள். நல்ல டூலா அப்பொழுது பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு குழந்தைக்கு முதற்பால் கொடுக்க உதவுவாள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஏழாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்வது நலம். "துணைக்கு ஒருத்தி வரலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பகலில் டாக்டரம்மாள் புன்னகையுடன் தலையசைத்ததை இரவுக் காவலிலிருக்கும் நர்ஸ் அறியாமலிருக்கலாம். "பிரசவ அறைக்குள்ளேயே வரலாமா? இரவு 2 மணிக்கும் விடுவீர்களா?" என்று கேட்டு, விடையைப் பதிவுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.