பாதுகாப்பு, காவல், வேலை: அரசாங்கத்திடம் யார் கணக்குக் கேட்பது?



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும், பெற்றோர் நம்மிடம் வருவது பிள்ளையின் மார்க்கைக் கேட்க மட்டும் இல்லை. "சார், பெரியவனை ராத்திரி பாலாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, என்ன செய்யறது?" "டீச்சர், கிலோ கம்மின்னு இந்த மாசம் சம்பளத்தைக் குறைச்சிட்டாங்க, கேட்கலாமா?" "அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா, நம்மாளுங்களுக்குக் கொடுப்பாங்களா?"

மூன்றும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். அடியில் இருப்பது ஒன்றுதான். அதிகாரத்தில் இருப்பவர் தவறு செய்தால், அவருக்கு வெளியே நின்று கணக்குக் கேட்க ஒருவர் உண்டா? கேட்டபின் உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டா? பல இனம் வாழும் நாட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால், ஒவ்வொரு தவறும் "அவங்க ஆளு, நம்ம ஆளு" என்ற பேச்சில்தான் போய் முடியும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933-ல் வந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் ஆள் எடுப்பதை இந்திய அரசு 1938-ல் நிறுத்தியது. அந்தக் காலத்தில் ஒரே வேலைக்கு ஒரே கூலி கிடையாது. ரப்பர் தோட்டங்களில் தமிழர் வாங்கியது சீனத் தொழிலாளர் வாங்கியதைவிடக் குறைவு. இந்த வித்தியாசத்தை எடுக்கச் சொல்லித்தான் 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அரசாங்கம் என்ன செய்தது? தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கேட்டது சம்பளம், கிடைத்த பதில் "பாதுகாப்பு".

1948 ஜூனில் அவசரகாலம் வந்தபோது இது இன்னும் பெரிதாக நடந்தது. கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கி கற்பனை இல்லை. தோட்ட நிர்வாகிகளும் மண்டோர்களும் சாதாரணத் தொழிலாளர்களும் அதில் உயிரிழந்தார்கள். கேமரன் மலைக் காடுகளிலும் கெரில்லாக்கள் நடமாடினார்கள். ஆனால் அதே வேகத்தில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவும் ரத்தானது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரட்டில் நின்று "ஏன் குறைச்சீங்க?" என்று கேட்பதே ஆபத்தாகத் தெரிந்தது. நம் பெரியவர்கள் "போலீஸ் கேஸு வேணாம்பா" என்று ஒதுங்குவதைக் கோழைத்தனம் என்று நாம் எண்ணக்கூடாது. அது அனுபவத்தில் வந்தது.

அவசரகாலம் 1960-ல் முடிந்தது. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணை இல்லாமலே ஆட்களைத் தடுத்து வைக்க வழி செய்தது. 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பின் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் அந்தச் சட்டத்தில்தான் கமுந்திங் போனார்கள். 2012-ல் அதை எடுத்துவிட்டு சொஸ்மா சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரை அதில் பிடித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார். குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆனால் போன மாதங்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. கேட்கும் இடமே இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

காவல்துறை விஷயத்துக்கு வருவோம். 2004-ல் அமைந்த அரச விசாரணை ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ஜைடின் தலைமையில், 2005-ல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் முக்கியமானது, காவல்துறைக்கு வெளியே நின்று புகாரை விசாரித்துத் தண்டனையும் கொடுக்கும் ஒரு சுயேச்சை ஆணையம். ஐ.பி.சி.எம்.சி. என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்தப் பரிந்துரை அந்த வடிவத்தில் இதுவரை சட்டமாகவில்லை.

இடையில் 2009 ஜனவரியில் ஏ. குகன் சுபாங் ஜெயா காவல் நிலையத் தடுப்பில் இறந்தார். குடும்பம் சும்மா இருக்கவில்லை, சிவில் வழக்குப் போட்டது. 2013-ல் உயர்நீதிமன்றம் காவல்துறையும் அரசும் பொறுப்பு என்று சொல்லி 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு விதித்தது. அந்தப் பணம் வந்தது மக்கள் வரிப்பணத்திலிருந்துதான் என்பதையும் கவனியுங்கள்.

2023 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.சி. என்ற காவல்துறை நடத்தை ஆணையம் நடைமுறையில் இருக்கிறது. இதில் யாரும் புகார் கொடுக்கலாம். லாக்கப் மரணத்தை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் இல்லை. கண்டுபிடித்ததை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் மேலே கேட்ட இரண்டு கேள்வியில் முதலாவதற்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை. பெற்றோரிடம் "புகார் கொடுத்தா உடனே நடவடிக்கை" என்று சொல்லாதீர்கள். "புகார் கொடுங்க, பதிவு இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் அந்தப் பதிவு பேசும்.

இதைவிட அவசரமானது பிடித்த முதல் நாள். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு, கைது செய்த காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பயண நேரம் அந்த 24-ல் சேராது. மலையிலிருந்து இறங்கும் பாதை நீளம் என்பதால் இதைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விடுவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. காசில்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் தடுப்புக்காவல் விசாரணைக்கே வக்கீல் அனுப்புகிறது. ஒய்.பி.ஜி.கே. என்று கேட்டால் தெரியும்.

உத்தரவு போடும் அதிகாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம், கேமரன் மலையிலேயே பாடம் இருக்கிறது. 2018 பொதுத்தேர்தலில் இந்தத் தொகுதியில் ம.இ.கா. வேட்பாளர் வென்றார். ஓட்டுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று மனு போனது. அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாது என்றது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர் ஓர் ஓராங் அஸ்லி, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. தேர்தலில் வென்று மக்களவைக்குப் போன முதல் ஓராங் அஸ்லி அவர்தான். யார் வென்றார் என்பது அவரவர் அரசியல். ஆனால் கேட்க ஓர் இடம் இருந்தது, அந்த இடத்துக்குப் பல்லும் இருந்தது.

வட அயர்லாந்தையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று பிளந்து கிடந்த ஊர். மக்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் கத்தோலிக்கர், காவல்துறையில் அவர்கள் ஏறக்குறைய 8 விழுக்காடு. 1999-ல் பேட்டன் ஆணையம் 175 பரிந்துரை கொடுத்தது. 2001-ல் காவல்துறைக்குப் பெயரே மாறியது. புது ஆள் எடுப்பில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று பத்து ஆண்டு நடத்தி, 2011-ல் 30 விழுக்காடு அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேலைச் சட்டம். அங்கே பத்துப் பேருக்கு மேல் முழுநேர ஆள் வைத்திருக்கும் முதலாளி, எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை மேசைமேல் இருந்தால் புலம்பலும் தேவையில்லை, மறுப்பும் செல்லாது.

நம் அரசியலமைப்பின் 136-ஆம் பிரிவு, கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் இருப்பவர்களை இன வேறுபாடின்றிச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. 153-ஐப் பற்றி எல்லாருக்கும் தெரியும், 136-ஐப் பற்றிப் பேசுபவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அது சேர்ந்தவர்களுக்கு, சேர வருபவர்களுக்கு இல்லை. தனியார் துறையிலும் இதே ஓட்டைதான். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவில், வேலையிடப் பாகுபாட்டைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். நேர்முகத் தேர்வோடு திருப்பி அனுப்பப்பட்டவர் அங்கே போக முடியாது. "கொடுப்பாங்களா?" என்று கேட்கும் தாய்க்கு இன்று நேர்மையான பதில் இதுதான்: விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஆனால் மறுத்தால் ஏன் என்று கேட்க இன்னும் வாசல் கட்டவில்லை.

கிலோ கணக்குக்கு மட்டும் வாசல் திறந்தே இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட், சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல். இன்று தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர், அவர்களுக்கும் இது பொருந்தும். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிச் சம்பளம் கொடுத்தாலும் மாத முடிவில் அந்தத் தொகைக்குக் குறையக்கூடாது. கணிதப் பாடத்தில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம்: ஒருவர் முழு மாதம் வேலை செய்து கிலோக் கணக்கில் 1,420 வெள்ளி வந்தால், முதலாளி சேர்க்க வேண்டியது எவ்வளவு? 280. பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும், அப்பா சம்பளச் சீட்டை எடுத்துப் பார்ப்பார்.

வேலையை விட்டு நிறுத்தினால் தோட்டத்தில் வீடும் போகும், அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை. அவர்களிடம் ஒரு தேதியை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும், 61-ஆவது நாள் போனால் எடுக்க மாட்டார்கள்.