வகுப்பு இங்கிலீஷில்... வாழ்க்கை பிரெஞ்சில்! - பிரான்ஸுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் முதல் மூன்று மாதங்கள்

"கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்லதான். பிரெஞ்சு தெரியலைன்னாலும் சமாளிச்சுக்கலாம்!"

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் வரி உண்மைதான். பிரான்ஸில் ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் முதுகலைப் படிப்புகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் இரண்டாவது வரியை நம்பி விமானம் ஏறும் பிள்ளை, வகுப்பறைக்கு வெளியே வந்த முதல் நாளே திணறிப்போகிறது.

கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வீடுகளுக்கு வெளிநாடு புதிதல்ல. வளைகுடாவுக்குப் போய்வந்த ஓர் அண்ணனோ மாமாவோ இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். ஆனால், அந்த அனுபவத்தை வைத்து பிரான்ஸை எடைபோட்டால் கணக்கு தவறும். துபாயில் இறங்கினால் அறையில் ஒரு மலையாளி இருப்பார், கடையில் ஒரு திருநெல்வேலிக்காரர் இருப்பார். தமிழும் மலையாளமும் கொஞ்சம் இந்தியும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். லீல், ரென், கிரெனோபிள் போன்ற பிரெஞ்சு நகரங்களில் அந்தக் கதை நடக்காது. வங்கி, வாடகை வீடு, மருந்துக்கடை, மின்கட்டணம் எல்லாமே பிரெஞ்சில்தான். அதுவும் காகிதத்தில்!

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2024 குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதே இலக்கு என்று அறிவித்தார். அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2019-ல் இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று நிர்ணயித்தார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது. தனியார் பிசினஸ் ஸ்கூல்களின் கட்டணமோ இதைப்போலப் பல மடங்கு. 'பிரான்ஸில் படிப்பு மலிவு' என்று யாராவது சொன்னால், எந்தக் கல்லூரியைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

தபால்பெட்டியில் பெயர் இருக்கிறதா?

கருங்கல்லில் தபால்காரருக்கு வீட்டு எண் தேவையில்லை. அப்பா பெயரைச் சொன்னால் போதும், கடிதம் வீடு தேடி வரும். பிரான்ஸில் நிலைமை தலைகீழ். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால்பெட்டிகளில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் தனிக் கடிதத்தில் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் இரண்டும் கிடைக்காது. அறைச்சாவி கைக்கு வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி ஒட்டுவதுதான்.

எந்தப் பெயரை எழுதுவது என்பது அடுத்த பிரச்னை. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. பிரெஞ்சுப் படிவங்களோ குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருந்தால், அலுவலகத்தில் எல்லோரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். (வீட்டில் அப்பா பெயரை உரக்கச் சொல்லவே தயங்கும் பிள்ளைகளுக்கு இது விநோத அனுபவம்!) கூப்பிடுவது கிடக்கட்டும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் வாரக்கணக்கில் இழுக்கும்.

பிறப்புச் சான்றிதழையும் ஊரிலிருந்தே சரிசெய்துகொண்டு போக வேண்டும். குழந்தையின் பெயர் பதியப்படாத சான்றிதழோடு வளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். பிரான்ஸில் மாணவர்கள் அரசு மருத்துவக் காப்பீட்டில் கட்டணமின்றிச் சேரலாம். ஆனால் நிரந்தர எண் கிடைக்கப் பெற்றோர் பெயரோடு கூடிய பிறப்புச் சான்றிதழ் தேவை, அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். அங்கே போனபிறகு 'அப்பா, பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய்ட்டு வாங்க' என்று போன் செய்வதைவிட, இப்போதே முடித்துவிடலாம்.

நீண்டகால மாணவர் விசா இருந்தாலும், போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் பதிவுசெய்து உறுதிப்படுத்த வேண்டும். ஊர் பார்க்கும் உற்சாகத்தில் இதைத் தவறவிட்டால், தங்கியிருப்பதே சட்டப்படி சிக்கலாகும்.

நான்கு இருபதும் பதினேழும்

பிரெஞ்சு எண்கள் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 70 என்றால் 'அறுபது-பத்து'. 80 என்றால் 'நான்கு இருபது'. 97 என்றால் 'நான்கு இருபது பதினேழு'. கேட்டால் சிரிப்பு வரும். ஒன்பது பத்துகளை 'தொண்ணூறு' என்றும், ஒன்பது நூறுகளை 'தொள்ளாயிரம்' என்றும் சொல்லிப் பழகிய நாம் ரொம்பச் சிரிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

போன் நம்பர் கேட்கும்போதுதான் சிரிப்பு நின்றுபோகும். அங்கே பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 'நான்கு இருபது' என்று காதில் விழுந்ததும் 80 என்று எழுதினால், அடுத்த நொடி 'பதினேழு' என்று முடிப்பார்கள். அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த ஜோடி வந்துவிடும். மருத்துவரிடம் நேரம் வாங்குவது, வீட்டு உரிமையாளரிடம் பேசுவது என எல்லாமே இந்த எண்களில்தான் ஆரம்பிக்கிறது. இலக்கணத்தைவிட எண்களை முதலில் மனப்பாடம் செய்வது புத்திசாலித்தனம் என்பேன்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாதகமான விஷயமும் உண்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது என்ற குழப்பம் நமக்குப் பிறவியிலேயே தீர்ந்துவிட்டது. பேராசிரியர், கடைக்காரர், அலுவலர், முன்பின் தெரியாத பெரியவர் எல்லோருக்கும் 'வூ'. கூடப் படிப்பவர்களுக்கு 'தூ'.

கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்டால், மரியாதை தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்ற புகாரில் பாதி, இந்த ஒரு சொல்லைச் சொல்லாததால் வருவது. 'போன்ஜூர்' சொல்லி, உடைந்த பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் முயன்றால், எதிரில் இருப்பவரே சில நேரம் ஆங்கிலத்துக்கு இறங்கிவருவார்.

20-க்கு 12 எடுத்தால் அழக் கூடாது

ப்ளஸ் டூவில் தொண்ணூறு சதவிகிதம், கல்லூரியில் டிஸ்டிங்ஷன் என்று வளர்ந்த பிள்ளைக்கு, பிரான்ஸின் முதல் விடைத்தாள் பெரிய அதிர்ச்சி. அங்கே மதிப்பெண் 20-க்குப் போடுவார்கள். 10 எடுத்தால் தேர்ச்சி. 12 என்றால் 'ஓரளவு நன்று', 14 'நன்று', 16 'மிக நன்று'. 18, 19 எல்லாம் அபூர்வம். 12 எடுத்த மகளிடம், 'அறுபது சதவிகிதம்தானா?' என்று கருங்கல்லிலிருந்து அப்பா கேட்டால், அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும்! பெற்றோரும் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

615 யூரோ போதுமா?

விசாவுக்கு மாதம் 615 யூரோ கையிருப்பு காட்டச் சொல்கிறார்கள். பாரிஸில் சின்ன அறையின் வாடகைக்கே அந்தத் தொகை சரியாகப் போய்விடும். சிறிய நகரங்களில் சமாளிக்கலாம், ஆனால் அங்கே ஆங்கிலம் பேசுபவர்கள் இன்னும் குறைவு. மொழி கற்கும் ஆசை உள்ளவருக்கு அது நல்லதே.

வீடு கேட்டால், பிரான்ஸில் வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் தர வேண்டும் என்பார்கள். நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அதற்காகவே 'விஸால்' என்ற இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அறையைப் பார்க்காமலே முன்பணம் அனுப்பச் சொல்பவரிடம் மட்டும் சிக்கிவிடாதீர்கள். 'காஃப்' அமைப்பு தரும் வாடகை உதவியை வெளிநாட்டு மாணவர்களும் பெற்றுவந்தார்கள். ஆனால், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அதைக் குறைப்பது பற்றி 2025-ல் நடந்த பட்ஜெட் விவாதங்களில் பேச்சு அடிபட்டது. எனவே அந்தப் பணத்தை நம்பிக் கடன் கணக்குப் போட வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 'க்ரூஸ்' உணவகங்கள்தான் மாணவர்களின் தாய்வீடு. முழுச் சாப்பாடு பல ஆண்டுகளாக 3.30 யூரோ, பணக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு 1 யூரோ என்று போட்டார்கள்.

பகுதிநேர வேலை? ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை அனுமதி உண்டு. ஆனால் உணவகமோ கடையோ, பிரெஞ்சு பேசத் தெரியாதவருக்கு வேலை கிடைப்பது கடினம். மொழி தெரியாததால் சிலர் உணவு டெலிவரிப் பக்கம் போகிறார்கள். அங்கேதான் ஆபத்து. டெலிவரி வேலை பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வருகிறது, மாணவர் விசாவில் அதற்கு அனுமதி இல்லை. இன்னொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டி மாட்டிக்கொண்டால், போவது விசா. பதினைந்து, இருபது லட்சம் கடன் வாங்கி அனுப்பிய குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. படிப்பு முடிந்தபின் நிலையான வேலை தேடும்போதும், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் திறக்கும் கதவுகள் குறைவுதான்.

மரச்சீனிக்கிழங்கும் உண்டு

பாரிஸில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் லா ஷப்பேல். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பகுதியில் ஈழத்தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழிலேயே பெயர்ப்பலகை, தமிழிலேயே பேரம். ஆண்டுதோறும் கோடை முடிவில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் இந்தத் தெருக்களில்தான் வருகிறது. நம் ஊர் மரச்சீனிக்கிழங்கை அங்கே மரவள்ளி என்று கேட்க வேண்டும். பிரெஞ்சில் 'மானியோக்'. கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஷாத்தோ ரூஜ் பகுதியின் ஆப்பிரிக்கக் கடைகளிலும் கிடைக்கும். மீன்குழம்புக்குப் புளி மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோனால் போதும். வாரத்துக்கொருமுறை லா ஷப்பேல் போகலாம். தினமும் அங்கேயே கிடந்தால் பிரெஞ்சு வராது.

எதிர்த்திசையில் வந்த ஒருவரும் நம் மாவட்டத்துக்குச் சொந்தம். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பாரிஸுக்கு வடக்கே உள்ள அராஸ் நகரில் பிறந்தவர். அங்கிருந்து வந்து மார்த்தாண்டவர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' ஆகி, 1777-ல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு மொழிவகுப்பு எடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நமக்கு இருக்கிறது. கருங்கல்லிலிருந்து சென்னையைவிடப் பக்கமான திருவனந்தபுரத்திலேயே அலையன்ஸ் ஃபிரான்சேஸ் உண்டு, ஆன்லைன் வகுப்புகளும் நடக்கின்றன. விசா கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், விண்ணப்பிக்கும் நாளிலேயே சேர்ந்தால், புறப்படுவதற்குள் கடைக்கும் வங்கிக்கும் போதுமான பிரெஞ்சு வந்துவிடும்.

கடைசியாக, குளிர்காலம். டிசம்பரில் பாரிஸில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைப்பு. தனிமை அதிகம் கடிக்கும் மாதங்கள் இவை. தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் போனால் மறைக்க வேண்டாம். மாணவர்கள் கட்டணமின்றி உளவியலாளரைச் சந்திக்க 2021 முதல் அரசுத் திட்டமே இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. கோடையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், வித்தியாசம் நாலரை மணி நேரமாகிவிடும். அதுவரை அங்கே இரவு எட்டு மணிக்கு வகுப்பும் சமையலும் முடித்துவிட்டுப் பிள்ளை பேசினால், இங்கே பதினொன்றரை. அதன்பின் அதே அழைப்பு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வரும். பதறாமல் எடுங்கள்.